ரீடு இல்லாத கிளாரினெட்

1

போன மாதத்தோடு நான் அமீரகத்துக்கு வந்து இருபது வருடம் முடிந்தது. கம்பெனியில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கேக் வெட்டினார்கள். கேக்கை வெட்டியது மேனேஜர், பக்கத்தில் நின்று கைதட்டியது நான். அன்றைக்குத்தான் சைட்டில் சேஃப்டி அதிகாரியாக இருக்கும் இலியா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டிவிடியைக் கையில் வைத்தார்.

இலியா பல்கேரியாக்காரர். அறுபது வயது இருக்கும். ஹெல்மெட் போடாதவனைக் கண்டால் அவருடைய மொழியில் திட்டுவார். எங்கள் யாருக்கும் புரியாது, ஆனால் எல்லோரும் உடனே ஹெல்மெட் போட்டுக்கொள்வோம். "மிஸ்டர் சேகர், உங்க ஃபைல்ல பாத்தேன். நீங்க மியூசிஷியனாமே! எங்க ஊர்ல எடுத்த படம். உங்களைப் போல ஒரு ஆளோட கதை" என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்.

நான் ஏசி டக்ட் வேலை செய்கிறவன். இருபது வருடமாக எல்லாக் கட்டடங்களிலும் தகரப் பெட்டிகளைக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இசைக்கும் உள்ள உறவு ரேடியோவைத் திருகுவதோடு சரி. ஆனால் இலியா சொன்னதிலும் பொய் இல்லை. என் விசாவில் தொழில் என்று இருக்கும் இடத்தில் 'இசைக்கலைஞர்' என்றுதான் இருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். என்னோடு முதல் வருடம் தங்கியிருந்த பட்டதாரி ஒருவர் விசாப்படி ஆடு மேய்ப்பவர். கையில் எந்தத் தொழிலுக்கு விசா மிச்சம் இருக்கிறதோ அதை ஏஜெண்ட் நம் தலையில் கட்டிவிடுவார். ஏதோ ஒரு ஹோட்டலில் பாட்டுக் குழுவுக்கு என்று வந்த விசாக்களில் ஒன்று மிச்சமாகி, திருச்சி ஏஜெண்ட் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. "விசா விசாதான் தம்பி, போய் எறங்கு" என்றார் அவர். அரபியில் எழுதியிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே வந்து மூன்றாம் நாள், எங்கள் தொழிலாளர் கேம்ப் பஸ் டிரைவரான பெஷாவர்க்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அரே பாய், தும் மியூசிக்வாலா ஹை!" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் பாடச் சொன்னார்கள். அன்று முழுக்க என் காது சூடாகவே இருந்தது.

பிறகு கம்பெனி மாறினேன். விசா மனுக்களை அடித்துக்கொடுக்கும் டைப்பிங் சென்டர்காரர் பழைய தாளில் இருந்ததையே புதிய தாளிலும் அடித்துவிட்டார். டிரைவிங் லைசென்ஸ் கவுண்டரில், மெடிக்கல் கவுண்டரில், எமிரேட்ஸ் முத்திரை குத்தும் எல்லாக் கவுண்டரிலும் ஒரு தலை நிமிரும். "மியூசிஷியன்? வாட் யூ ப்ளே?" முதல் சில வருடங்கள் "டிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் டிரம்மைக் கவுண்டருக்குக் கொண்டுவரச் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு தைரியம்.

மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மாற்றப் போனேன். "மடையா, ஃபேமிலியக் கூட்டிட்டு வரணுமா வேணாமா?" என்று டைப்பிங் சென்டர்காரரே தடுத்தார். அந்தக் காலத்தில் லேபர் என்ற வகையில் வருகிற தொழில்களுக்குக் குடும்ப விசா கிடைக்காது. இசைக்கலைஞனுக்குக் கிடைக்கும். அந்த ஒரு சொல்லால்தான் என் மனைவி செல்வி இங்கே வந்தாள். மகள் காவ்யா இங்கேயே பிறந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

2

துரையைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும்.

சின்னத்துரைக்கு மன்னார்குடிப் பக்கம். நான் வந்த அதே வாரம் வந்தவன். அல் குசைஸ் கேம்ப்பில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது. விசாவில் அவன் கம்பி கட்டுபவன், சைட்டிலும் அதே வேலைதான். ஆனால் அவன் பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில் ஒரு கிளாரினெட் இருந்தது. ஊரில் பேண்டு செட்டில் பன்னிரண்டு வருடம் வாசித்தவன் அவன். கல்யாணம், கோயில், அரசியல் ஊர்வலம், சாவு என்று எதையும் விட்டதில்லை. கம்பி முறுக்கிக் காய்த்துப்போன விரலால் அவன் அந்தக் கறுப்புக் குழலைத் தொடும்போது விரல் வேறு யாருடையதோ என்று தோன்றும். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பான். பங்களாதேஷ்காரர்கள்கூடத் துணி துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

இவன் உண்மையான இசைக்கலைஞன், தாளில் கம்பி கட்டுபவன். நான் நேர் எதிர். "நம்ம ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் சேத்துத் தச்சா ஒரு முழு மனுசன் கெடப்பான்டா" என்பான் துரை. சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் அவன் மனைவி இன்னும் மன்னார்குடியில்தான் இருக்கிறாள்.

காவ்யாவுக்கு மூன்று வயது இருக்கும்போது தமிழர் அமைப்பு ஒன்று பொங்கல் விழா வைத்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில். மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் பாஸ்போர்ட் நகல் கொடுக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். நான் துரையின் வாசிப்பைப் பற்றிச் செயலாளரிடம் பெரிதாகச் சொல்லி, அவன் நகலோடு என் நகலையும் கொடுத்தேன். எனக்கு நாற்காலி போடும் வேலை. உள்ளே போக பாஸ் வேண்டும் என்பதற்காகத்தான். செயலாளர் நல்ல மனிதர், அவசரக்காரர். இரண்டு நகலையும் பார்த்தார். ஒன்றில் கம்பி கட்டுபவன், இன்னொன்றில் இசைக்கலைஞன். அனுமதித் தாளில் கிளாரினெட்டுக்கு நேராக என் பெயரை எழுதிவிட்டார். முத்திரையும் குத்தி வந்துவிட்டது.

விழா அன்று மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது. முன் வரிசையில் அனுமதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். செயலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு அதைவிட அதிகமாக. நான் இசைக்கலைஞன் இல்லை என்று அந்த மனிதரிடம் சொன்னால், விசாவில் இருப்பது என்ன என்று கேட்பார். அதைக் கேட்டால் செல்வியின் விசா, குழந்தையின் விசா எல்லாம் என்ன ஆகும் என்று எனக்குள் ஓடியது.

துரைதான் வழி சொன்னான். பள்ளி இசை அறையில் இன்னொரு கிளாரினெட் இருந்தது. அதை வாங்கி வந்து, அதன் வாயில் இருந்த மெல்லிய நாணல் பட்டையான ரீடைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ரீடு இல்லாட்டி சத்தம் வராது. நீ பாட்டுக்குக் கன்னத்த உப்பிக்கிட்டு வெரல ஆட்டு. பொங்கப் பானை வரஞ்ச பேனருக்குப் பின்னாடி நான் ஒக்காந்துக்கிறேன். ஊதித் தொலைக்காத, என்னா?"

இருபது நிமிடம் கரகரப்ரியா. நான் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு விரலை ஆட்டினேன். ஹால் எழுந்து நின்று தட்டியது. அதிகாரி மேடைக்கே வந்து என் கையைக் குலுக்கி "மும்தாஸ், மும்தாஸ்" என்று அரபியில் பாராட்டினார். ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். 'கிளாரினெட் வித்வான் திரு. சேகர்' என்று பித்தளையில் எழுதி முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள்.

அந்த ஷீல்டைத் துரையிடம் கொடுத்தேன். "ஒன் பேரு போட்டத வச்சிக்கிட்டு நான் என்னாடா பண்ண?" என்று திருப்பித் தந்துவிட்டான். அது எங்கள் வீட்டு டிவிக்கு மேல் ஏறி உட்கார்ந்தது. செல்விக்கு எல்லாம் தெரியும். காவ்யாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்ததாகவும் ஞாபகம் இல்லை. மூன்று வயதுக் குழந்தை கோட்டு போட்ட அப்பாவைப் பார்த்துக் கைதட்டியது, அவ்வளவுதான். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் அவளே ஷீல்டைப் படித்தாள். ஏன் இப்போது வாசிப்பதில்லை என்று கேட்டாள். "ஒதடு போச்சும்மா" என்றேன். அந்தப் பொய்யை மட்டும் நான் தெரிந்தே சொன்னேன்.

3

காவ்யாவுக்கு இப்போது பதினாலு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். நான் வீட்டுக்குள் வந்தால் காதில் இருக்கும் ஒயரைக் கழற்றாமலே தலையை ஆட்டுவாள். அவள் தோழிகளின் அப்பாக்கள் வங்கியிலும் கப்பல் கம்பெனியிலும் இருக்கிறார்கள். நான் பிக்கப் ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனால் வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொள்வாள். ஆனால் தோழிகள் வீட்டுக்கு வந்தால் முதலில் ஷீல்டைத்தான் காட்டுவாள். "மை டேட் வாஸ் அ கிளாரினெட் ப்ளேயர்." நான் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்வது அது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை.

இலியா கொடுத்த படத்தை ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோவுக்குத் தூண் நடும் இயந்திரம் திடும் திடுமென்று இடித்துக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே ஓடிய இங்கிலீஷை அம்மாவுக்காகக் காவ்யா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சோஷலிச ஆட்சி நடந்த காலத்தில் அங்கே உண்மையாகவே வாழ்ந்த ஒரு ஆளின் கதையாம். செங்கல் தொழிற்சாலையில் சூளைத் தொழிலாளி. முகமெல்லாம் சிவப்புப் புழுதி. அவனும் கிளாரினெட்தான். கல்யாண வீடுகளில் அவன் வாசித்தால் கிழவர்கள் தடியைப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். ஆனால் அந்த நாட்டில் இசைக்கலைஞன் என்றால் அரசாங்க அட்டை வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு பரீட்சை வைத்து, தரம் பிரித்து, அட்டை கொடுக்கும். இவனுக்கு இசைக்குறிப்பு எழுதிய நோட்டைப் பார்த்து வாசிக்கத் தெரியாது. மூன்று தடவை போகிறான், மூன்று தடவையும் அனுப்பிவிடுகிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் நல்லவர்கள், சக தொழிலாளிகள் அவனுக்காக மனு எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மனுவுக்கும் ஒரு முத்திரை விழுகிறது, அதோடு சரி.

செல்வி "நம்ம டைப்பிங் சென்டர் மாதிரியே இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரைக்கும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரேடியோவுக்கு ஒரு பதிவு வேண்டியிருக்கிறது. அவனைப் போல வாசிக்க ஆள் இல்லை. ஆனால் அட்டை இல்லாதவன் பெயரை ரேடியோவில் சொல்ல முடியாது. எனவே அட்டை வைத்திருக்கும் ஒருவனைக் கூட்டி வருகிறார்கள். நல்ல உடுப்பு, படிய வாரிய தலை. சூளைக்காரன் வாசிக்கிறான். அட்டைக்காரன் சுவர் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நாடு முழுக்க ரேடியோவில் இவன் பெயரைச் சொல்கிறார்கள்.

காவ்யா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா, திஸ் இஸ் ஸோ அன்ஃபேர்! அந்த ஆளு எப்படி சும்மா உக்காந்திருக்கான்? சொல்ல வேண்டியதுதானே, நான் இல்லன்னு? வாட் அ லூசர்!" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் இவர மாதிரிதான்ல? வேலையும் செஞ்சு, மியூசிக்கும்..."

அவள் சூளைக்காரனைச் சொல்கிறாள். செல்வி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

படம் சூளைக்காரனோடேயே போய் முடிந்தது. அவன் கடைசி வரை சூளையை விடவில்லை, நல்லபடியாகவே வாழ்ந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றிப் படத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கு அவனைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் என்ன சொன்னான்? அவன் வீட்டில் ரேடியோ இருந்ததா?

4

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து வந்தபோது காவ்யாவின் கையில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி இருந்தது.

"மியூசிக் ரூம்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன். டூ டேஸ்தான். அப்பா, ஒரே ஒரு பாட்டு. ஒதடு வலிச்சா நிறுத்திடுங்க."

திறந்து பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து அதே கிளாரினெட்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். பள்ளி அதே பள்ளிதான். இந்த முறை ரீடு இருந்தது.

"நாளைக்குத் துரை மாமா வருவாரே, அப்ப வாசிக்கிறேன்" என்று சொல்லித் தப்பித்தேன். அவள் சந்தோஷமாகப் போய்விட்டாள். வேலை முடிந்து வந்த உடையோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். செல்வி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"சொல்லிடுங்க. அவ கோவப்படுவா. படட்டும்."

"அப்புறம் என்னப் பத்தி அவளுக்குச் சொல்லிக்க என்ன இருக்கு செல்வி?"

அவள் டீ ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

5

துரை ஒவ்வொரு வெள்ளியும் மதியச் சாப்பாட்டுக்கு வருவான். இப்போது அவன் ஃபோர்மேன். கேம்ப் அடுத்த தெருவுக்கு அடுத்த தெருவில்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒரு தர்பூசணியோடு வருவான். அன்றும் வந்தான். சோபாவில் கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"வாங்கண்ணே" என்று செல்வி தர்பூசணியை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, இன்னைக்கு அப்பா வாசிக்கப் போறாரு" என்றாள் காவ்யா. அவள் ஷீல்டைத் துடைத்து வேறு வைத்திருந்தாள்.

துரை என்னைப் பார்த்தான். பிறகு ரொம்ப நிதானமாக, "அப்பிடியா பாப்பா? வெரிகுட்டு. இரு, மாமா செட் பண்ணிக் குடுக்கறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குள் போனான். நானும் பின்னால் போனேன். அதற்குள் ரீடைக் கழற்றிவிட்டிருந்தான்.

"நீ பால்கனியில நில்லு, பாப்பாவுக்கு முதுகு காட்டி. ஸ்க்ரீனை இழுத்து விட்டுக்க. கேம்ப்புக்கு ஓடிப்போயி என்னோடத எடுத்துட்டு அஞ்சு நிமிசத்துல வந்துருவேன். பாத்ரூம் ஜன்னல் பால்கனிப் பக்கந்தான தொறக்குது? அங்கேருந்து வாசிச்சிர்றேன். ஆடித் தொலைக்காம வெரல மட்டும் ஆட்டு. அன்னிக்கு ரொம்ப ஆட்டுன."

பதினோரு வருடம் கழித்து, ஒரு கேள்வி கேட்காமல், மறுபடியும் என் மகளுக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றக் குளியலறைக்குள் போய் நிற்கத் தயாராக இருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் இதற்கு என்ன செய்திருப்பான் என்று தெரியாது. நான் துரையின் கையிலிருந்து ரீடை வாங்கி மறுபடியும் அவன் கையிலேயே வைத்தேன்.

"மாட்டு. வெளிய வா."

ஹாலில் காவ்யா நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. விசா, அனுமதித் தாள், பேனர், பொங்கல் பானை, ரீடு எல்லாம் முன்பின்னாக வந்தது. "எனக்கு ஒதடு போகலம்மா. எனக்கு வாசிக்கவே தெரியாது. அன்னிக்கு வாசிச்சது இவன். படத்துல நாற்காலியில ஒக்காந்திருந்தான்ல ஒருத்தன், அது நான்."

அவள் முகம் சிவந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஷீல்டைப் பார்த்தாள். அடுப்பில் பிரஷர் குக்கர் கத்தியது, யாரும் போய் நிறுத்தவில்லை.

கடைசியில் துரையிடம் கேட்டாள். "மாமா, உங்களுக்குக் கோவமே வரலையா?"

"எதுக்குக் கோவம்? ஒங்கம்மாவும் நீயும் இங்க இருக்கணும்னா ஒங்கப்பன் அன்னிக்கு ஒக்காந்துதான் ஆவணும். நாந்தான் ஒக்கார வச்சேன். என் பொண்டாட்டிதான் வர முடியல, ஒங்கம்மாவாச்சும் வந்தாளே. இல்லாட்டி வெள்ளிக்கெழமை எனக்கு யாரு மீன்கொழம்பு வைப்பா?" கொஞ்சம் சிரித்தான். பிறகு கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு பாப்பா. பேனருக்குப் பின்னாடி கைதட்டுற சத்தம் நல்லாவே கேட்டுச்சு. மூஞ்சிதான் ஒண்ணும் தெரியல. எந்த எடத்துல தலைய ஆட்டுனாங்க, எந்த எடத்துல சிரிச்சாங்க, ஒண்ணும் தெரியல. பொங்கப் பானையோட முதுகத்தான் பாத்துக்கிட்டு வாசிச்சேன். அது மட்டும் ஒரு மாதிரி கெடந்துச்சு" என்றான்.

இத்தனை வருடத்தில் இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

காவ்யா எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஜன்னல் திரையை இழுத்துத் திறந்தாள், வெளிச்சம் வந்தது. தன் நாற்காலியைத் தூக்கித் துரைக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டாள். சமையலறை வாசலிலேயே நின்றிருந்த அம்மாவைக் கூட்டி வந்தாள். பிறகு சுவர் ஓரமாக நின்றிருந்த என் பக்கம் திரும்பினாள்.

"அங்க நிக்காதீங்கப்பா. மாமாவுக்கு உங்க மூஞ்சி தெரியாது. இங்க வாங்க."

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். துரை ரீடை நாக்கால் நனைத்து மாட்டினான். அதே கரகரப்ரியா. அவன் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பான், இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அன்று கடைசி வரை மூடவே இல்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வாசித்தான்.